இதுதான் கடைசி ஓட்டை

சுவரில் டிரில்லை வைக்கும் ஒவ்வொரு தடவையும் நான் ஒரே வசனத்தைத்தான் சொல்கிறேனாம்: “இதுதான் கடைசி ஓட்டை.” கண்டுபிடித்தவள் என் இல்லத்தரசி. முப்பத்தாறு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருப்பவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

சென்ற மாதம் எங்கள் வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு வந்தது. ஒயர் இழுக்க வந்த மிஸ்திரி வங்காளத்துக்காரர்; எல்லாருக்கும் அவர் தாதா. அவர் ஏணியைச் சாத்தி, பீடியைப் பற்றவைத்து, சுவரை ஒரு டாக்டர் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுமை இல்லை. சொந்த டிரில்லை எடுத்து வந்து, ஜன்னலுக்கு மேலே ஒரு சாண் தள்ளி, ‘டர்ர்ர்’ என்று ஒன்று போட்டுவிட்டேன். தூசி அடங்கியதும், “இதுதான் கடைசி” என்றேன்.

உள்ளேயிருந்து அவள் சாக்பீஸோடு வந்தாள். நான் பள்ளிக்கூட அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். பிரிவு உபசாரத்தில் ஒரு சால்வை, ஒரு சுவர்க் கடிகாரம், யாருக்கும் தெரியாமல் அரை டப்பா சாக்பீஸ் ஆகியவை கிடைத்தன. அந்த சாக்பீஸ் எனக்கு எதிராகவே திரும்பும் என்று நினைக்கவில்லை. அவள் வீடு முழுக்கச் சுற்றி, ஒவ்வொரு ஓட்டையையும் வட்டம் போட்டு எண் எழுதினாள். கீழடியில் குழி தோண்டுகிறவர்கள்கூட அவ்வளவு சிரத்தையாக எண் போட்டிருப்பார்களா தெரியாது. கடைசியில் என் புது ஓட்டையைச் சுற்றி வட்டம் போட்டுவிட்டுச் சொன்னாள்:

“இது இருபத்தெட்டு. இதுல பதிமூணு க.மு. மிச்சம் பதினஞ்சும் க.பி.”

க.மு. என்றால் கல்யாணத்துக்கு முன்.

அந்தக் கல்யாணமே எங்கள் ஊர்ப் பெயரால் நடந்ததுதான். ஊர் குட்வில் எஸ்டேட். தென் அந்தமானில் இருக்கிறது. 1988-இல் மதுரைப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் பெண் கொடுக்க முன்வந்தபோது, “பையன் எஸ்டேட்ல இருக்கான்” என்று அப்பா சொன்னார். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. விலாசத்தைச் சொன்னார், அவ்வளவுதான். பெரியவர் மனத்தில் தேயிலைத் தோட்டம், பங்களா, குதிரை எல்லாம் ஓடியிருக்க வேண்டும். பெண் சென்னையில் கப்பல் ஏறி மூன்று நாள் வாந்தி எடுத்து, ஜெட்டியில் இறங்கி, எங்கள் வாசலில் நின்று கேட்ட முதல் கேள்வி, “எஸ்டேட் எங்கே?” நான் தகரக் கூரையைக் காட்டினேன். அன்றிலிருந்து இந்த வீட்டில் எஸ்டேட் இல்லை, குட்வில்லும் அவ்வப்போதுதான்.

வீடு இரண்டு பாதி. பின்பாதி 1960-களில் அப்பா கட்டியது. அந்தமான் படாக் மரத்தூண், மரச்சுவர், மேலே தகரம். 1883-இலிருந்து சாத்தம் தீவில் மர அறுவை ஆலை ஓடுகிற ஊர் இது; அந்தக் காலத்தில் இங்கே மரம்தான் மலிவு, செங்கல்தான் ஆடம்பரம். முன்பாதி நான் கட்டிய கான்கிரீட். மெயின்லேண்டில் எல்லாரும் கான்கிரீட் கட்டுகிறார்கள் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் எதுவும் ஞாபகமில்லை.

எண் 1 ஓட்டை என்றுகூடச் சொல்ல முடியாது. பின்பாதி உத்தரத்தில் அப்பா அடித்த இரும்புக் கொக்கி. பெட்ரோமாக்ஸ் தொங்கவிட. இங்கே சூரியன் மெயின்லேண்டைவிட முக்கால் மணி நேரம் முந்திக்கொள்வான், கடிகாரம் மட்டும் டெல்லி நேரத்தில் ஓடும். நவம்பரில் சாயங்காலம் ஐந்தடிக்குமுன் சூரியன் மறைந்துவிடும். ஆகவே பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் விளக்கேற்றுவதுதான் வேலை. கொக்கிக்கு மேலே கூரையில் வட்டமாக ஒரு கறுப்பு. எத்தனை தடவை வெள்ளையடித்தாலும் மழைக்காலத்தில் மேலே வந்துவிடும். கரண்டு வந்ததும் கொக்கியை அறுத்துவிடலாம் என்றேன். அப்பா கேட்கவில்லை. பிறகு அதில் என் தம்பிக்குத் தூளி கட்டினார்கள்; பின்னால் என் பிள்ளைகள் இருவருக்கும். படாக்கில் கரையான் ஏறாது, அடித்த இரும்பு ஆடாது. நான் அறுக்கச் சொன்னதை மட்டும் அவள் ஒரு நோட்டில் குறித்து வைத்திருப்பாள் என்று நினைக்கிறேன்.

எண் 2 முதல் 7 வரை கரண்டு வந்த காலம். சுவரோரமாக மரப்பட்டி, அதன்மேல் தகர கிளிப் கவ்விய ஒயர், வட்டமான மரக்கட்டை, அதில் கறுப்பு பேக்லைட் சுவிட்ச். மேலே தள்ளினால் அணையும், கீழே தள்ளினால் எரியும். பட்டியைப் பிய்த்த பின்னும் வரிசையாக ஆணித் துளைகள், எறும்பு அணிவகுப்பு மாதிரி. பீங்கான் ஃபியூஸ் இருந்த இடத்தில் கையகல கரிக்கறை. அது முழுக்க முழுக்க என் கைவண்ணம். ஃபியூஸ் ஒயர் ஏன் அவ்வளவு மெல்லிசாக இருக்கிறது என்று எனக்கு அப்போது தெரியாது. கரண்டு மிஞ்சினால் அது தான் உருகி வீட்டைக் காப்பாற்றுவதற்கே மெல்லிசாக இருக்கிறது. அடிக்கடி போகிறதே என்று நான் மிதிவண்டி பிரேக் கம்பியை வைத்துக் கட்டினேன். அதன் பிறகு ஃபியூஸ் போகவேயில்லை. போர்டுதான் போனது.

அதே பின்பாதியில், ஒரு தூணில் எண் 6, இரண்டு துளை மட்டும் உள்ள பழைய பிளக் பாயிண்ட். அப்பாவின் வால்வு ரேடியோவுக்காகப் போட்டது. ராத்திரி இலங்கை வானொலி, சத்தம் கடல் அலையோடு வந்துபோகும். பிறகு எல்லாச் சாமானும் எர்த் வைத்து மூன்று கால் முளைத்து வந்தன. இரண்டு துளைக்குள் மூன்று காலை நுழைக்க மூன்று நாள் முயன்றேன். முடியவில்லை. “அது செத்த பாயிண்ட், யாரும் தொடாதீங்க” என்று அறிவித்து, மேலே நீலப் பெயிண்டையும் பூசிவிட்டேன். முப்பது வருஷம் அது தன் மரண அறிவிப்பைத் தானே கேட்டுக்கொண்டு இருந்தது.

சமையலறைத் தரையில் எண் 8: ஆட்டுக்கல். இதைக் கொண்டுவந்தவள் அம்மா, திருநெல்வேலியிலிருந்து, கப்பலில். கப்பல் ஒருபக்கமாகச் சாய்ந்தே வந்ததற்கு அம்மாதான் காரணம் என்று அப்பா சாகும்வரை சொன்னார். ஆட்டினால் நகராமல் இருக்க வேண்டும் என்று தரையில் பதித்தார்கள். கோயம்புத்தூரில் 1955-இலேயே சபாபதி என்பவர் வெட் கிரைண்டர் கண்டுபிடித்துவிட்டார் என்ற செய்தி எங்கள் வீட்டுக்கு வந்துசேர 1991 ஆயிற்று. ஆட்டுக்கல்லை எடுத்துவிடலாம் என்று கடப்பாறை போட்டேன். தரைதான் பெயர்ந்தது, கல் அசையவில்லை. இன்று அதில் கோழிக்குத் தண்ணீர். அந்தக் கடப்பாறைக் காயத்துக்கும் ஒரு எண் உண்டு.

எண் 14, டெலிபோன். ஜன்னல் சட்டத்தின் மூலையில் சுண்டுவிரல் நுழையும் ஓட்டை. கீழே சுவரில் ஒரு சின்ன மரப்பலகை. அதன்மேல் ரோஜாப்பூ போட்ட குரோஷா உறைக்குள் போன் உட்கார்ந்திருக்கும், புது மணப்பெண் மாதிரி. போன் போய்ப் பல வருஷமாகிறது. பலகையைச் சுற்றிச் சுவரில் பென்சிலால் எழுதிய எண்கள் மட்டும் இருக்கின்றன: பால்காரர், மீன்காரர், பெரிய மாமா, ‘கப்பல் விசாரிக்க’. பெயிண்ட் அடிக்க வந்த பையன் அதையெல்லாம் அடித்துவிடலாமா என்றான். அவள் விடவில்லை. பெரிய மாமா இப்போது இல்லை. எங்கள் தலைநகரின் பெயர்கூட 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. அந்தப் பென்சில் கையெழுத்து மட்டும் இன்னும் போர்ட் பிளேயரில் இருக்கிறது.

போன் சுவரில் விட்டுப்போனதைவிட எங்களுக்குள் விட்டுப்போனது அதிகம். அந்தக் காலத்தில் இங்கிருந்து சென்னைக்குப் பேசினால் பேச்சு நேராகப் போகாது. சுமார் 36,000 கிலோமீட்டர் மேலே செயற்கைக்கோளுக்குப் போய், அங்கிருந்து இறங்கும். போவதற்குக் கால் விநாடி, பதில் வருவதற்குக் கால் விநாடி. இரண்டு பேரும் ஒரே சமயத்தில் “ஹலோ” சொல்லி, ஒரே சமயத்தில் நிறுத்தி, ஒரே சமயத்தில் “நீங்க சொல்லுங்க” என்போம். மாமனார் ஊரிலிருந்து முதன்முதலில் போன் போட்டபோது, “எஸ்டேட் எப்படிம்மா இருக்கு?” என்று கேட்டார். இவள் அரை விநாடி கழித்துத்தான் பதில் சொன்னாள். அந்தத் தாமதம் செயற்கைக்கோளால் வந்தது என்று அவர் நம்பினார். இன்றைக்கும் நான் போனில் ஒரு வாக்கியம் பேசிவிட்டு நிறுத்திக் காத்திருப்பேன். சென்னையில் இருக்கும் மகன், “அப்பா, லைன்ல இருக்கீங்களா?” என்பான். இவளோ சென்னைவரை நேரடியாகக் கேட்கும்படி பேசுவாள். போன் ஒரு மரியாதைக்குத்தான் கையில் இருக்கும்.

மொட்டைமாடியில் எண் 15 முதல் 19 வரை தொலைக்காட்சி. 1987-இல் ராமாயணம் வந்தபோது அக்கம்பக்கமெல்லாம் ஆன்டெனாக் கம்பம் முளைத்தது. நான் மாடியிலிருந்து கம்பத்தைத் திருப்ப, அம்மா கூடத்திலிருந்து “வந்துட்டார்... போயிட்டார்... லட்சுமணன் மட்டும் தெரியுறான்” என்று ஒலிபரப்புவாள். ராமரை நிலைநிறுத்த நான்கு போல்ட் அடித்தேன். மழையும் உப்புக்காற்றும் தின்று கம்பம் ஒரு ராத்திரி விழுந்தது. போல்ட் மட்டும் நிற்கிறது. கொசுவலை காயப்போட வசதி.

பிறகு டிஷ். 2004 டிசம்பர் 16-இல் தூர்தர்ஷனின் இலவச டிடிஎச் நாடு முழுக்க வந்தது, அந்தமான் நிகோபார் நீங்கலாக. அந்தக் கேயு பேண்ட் அலையின் வீச்சு தீவுகளை எட்டவில்லை. மெயின்லேண்டில் தாம்பாளம் அளவு டிஷ் போதுமென்றிருக்க, இங்கே சி-பேண்டைப் பிடிக்கப் பந்திப் பாத்திரம் அளவுக்கு வேண்டியிருந்தது. அலையின் நீளம் கூடக்கூடப் பிடிக்கிற கிண்ணமும் பெரிசாக வேண்டும் என்பது கணக்கு. அந்தக் கணக்கைத் தெருவில் எல்லாருக்கும் விளக்கிவிட்டு, ஆறடி வலைக்கிண்ணம் ஒன்றை வாங்கி முற்றத்தில் கான்கிரீட் போட்டு நட்டேன். அது வானத்திலிருந்து என்ன வாங்கியதோ, எனக்குத் தெரிந்த வரையில் இப்போது கருவாடு வாங்குகிறது. வலை என்பதால் மேலே வெயில், கீழே காற்று. சாளை இரண்டே நாளில் காய்ந்துவிடும். அவள் சொல்லும் ஒரே பாராட்டு: “நீங்க வாங்கினதுல இது ஒண்ணுதான் உருப்படி.” பக்கத்துப் பூனையின் கருத்தும் அதுவே.

டிடிஎச் வந்த பத்தாம் நாள், டிசம்பர் 26, காலை ஆறரை மணிக்கு நிலம் ஆடியது. அந்தச் சுனாமி நாளைப் பற்றி நான் விளையாட மாட்டேன். எங்கள் தீவுகள் இழந்தவர்களை எண்ணி முடிக்கவில்லை. சிப்பிகாட் பக்கம் வயல்கள் தாழ்ந்து கடல் உள்ளே வந்து உட்கார்ந்தது, இன்னும் எழுந்து போகவில்லை. என் வீட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அப்பாவின் மரப்பாதி நெடுநேரம் முனகிவிட்டு நின்றது. மரம் வளைந்து கொடுக்கும். என் கான்கிரீட்பாதியில் மட்டும் ஒரு விரிசல். பிறகு வந்து பார்த்த பொறியாளர் ஒருவர் விரிசலின் வழியைக் கையால் தடவிக் காட்டினார். அது ஸ்டெபிலைசர் ஆணியில் தொடங்கி, டெலிபோன் ஓட்டைக்குப் போய், டியூப்லைட் ஸ்குரூவைத் தொட்டு, கேபிள் ஒயர் ஓட்டையில் முடிந்தது. “யார் சார் இப்படிப் புள்ளி வச்சது?” என்றார். பூமிக்கே கோலம் போடப் புள்ளி வைத்துக் கொடுத்தவன் நான்.

தண்ணீர் ஓட்டைகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வருஷத்துக்கு 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிற ஊரில், கோடை வந்தால் தானிகாரி அணையின் மட்டம்தான் தெருப்பேச்சு. ஒவ்வொரு கோடையிலும் ஒரு டிரம், ஒரு டேங்க், ஒரு பைப், ஒரு ஓட்டை. எந்தக் குழாய் எதிலிருந்து எங்கே போகிறது என்பது தெரிந்த ஒரே ஆள் நான் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். போன ஏப்ரலில் குளியலறைக் குழாயைத் திறந்தபோது வாசல் செம்பருத்திக்குத் தண்ணீர் போனது. அதன் பிறகு சொல்வதில்லை.

இத்தனை எண்ணும் தெரியவந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆறுதலுக்காக உலகத்தையெல்லாம் நினைத்துப் பார்த்தேன். லண்டனில் பழைய வீடுகளில் சுவருக்குள்ளே கேஸ்விளக்குக் குழாய் இன்னும் படுத்துக்கிடக்கிறதாம், எரிக்க ஆளில்லாமல். அமெரிக்காவில் போன் வைப்பதற்கென்றே சுவரில் மாடம் கட்டினார்கள்; இப்போது அதில் பூச்செடி. அங்கேயே குளியலறை அலமாரியின் முதுகில் ஒரு மெல்லிய பிளவு இருக்குமாம். சவரம் செய்த பிளேடை அதற்குள் போட்டால் சுவருக்குள் விழும். விழுந்தது எங்கே போகும் என்று யாரும் யோசிக்கவில்லை. வீட்டை இடிக்கிறவன் தலையில் ஐம்பது வருஷத்துப் பிளேடு கொட்டும். நம் ராஸ் தீவையே எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைக்காரன் தனக்கென்று மின்நிலையம், ரொட்டிக்கடை, தேவாலயம் எல்லாம் கட்டினான். இன்று ஆலவேர்கள் சுவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கின்றன. அவனும் ஒவ்வொன்றையும் கட்டும்போது, “இதுதான் கடைசி” என்று இங்கிலீஷில் சொல்லியிருப்பான். இந்த ஞானம் வந்ததும் மனைவியை எழுப்பிச் சொன்னேன். அவள் சொன்னாள்: “அவன் ஊருக்குப் போயிட்டான். நீங்க இங்கதானே இருக்கீங்க. தூங்குங்க.”

இனி ஃபைபர் கதைக்கு வருவோம். 2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னைக்கும் எங்கள் தீவுகளுக்கும் நடுவே கடலடி கேபிள் திறந்தார்கள். சுமார் 2,300 கிலோமீட்டர், ரூ.1,224 கோடி. அதற்கு முன் எங்கள் இன்டர்நெட்டும் அந்த 36,000 கிலோமீட்டர் ஏறி இறங்கித்தான் வந்தது. ஒரு படம் திறப்பதற்குள் சாதம் வெந்துவிடும். அப்பேர்ப்பட்ட கேபிள் வங்காள விரிகுடாவின் அடியில் சேறு, பாறை, சுறா எல்லாவற்றையும் தாண்டி, போர்ட் பிளேயரில் கரையேறி, கம்பம் கம்பமாகத் தாவி, எங்கள் தெருவுக்கு வந்து, என் சுவரில் முட்டிக்கொண்டு நின்றது. மிச்சம் எட்டங்குலம். அந்த எட்டங்குலத்துக்குத்தான் நான் இருபத்தெட்டாவது ஓட்டை போட்டது.

தாதா பீடியை அணைத்தார். என் ஓட்டையைப் பார்க்கவே இல்லை. நேரே எண் 14-க்குப் போனார். ஜன்னல் மூலை, பழைய டெலிபோன் ஓட்டை. குச்சியால் குத்தி அடைந்திருந்த மண்ணைத் தள்ளினார். “சாப், இதர் ஹோல் தோ ஹை! இங்கேதான் ஓட்டை இருக்கே!” என்று சிரித்துக்கொண்டே ஃபைபரை உள்ளே விட்டார். தலைமுடி பருமன் கண்ணாடி இழை. டெலிபோன் ஒயர் வந்த வழியாகவே வந்தது.

அடுத்தது ரவுட்டர் எங்கே வைப்பது? உயரமாக, வீட்டுக்கு நடுவில், மறைப்பு இல்லாமல் இருக்க வேண்டும் என்றார் தாதா. என் கை தன்னிச்சையாக டிரில்லுக்குப் போனது. அவள் சாக்பீஸை நீட்டி உத்தரத்தைக் காட்டினாள். எண் 1. அப்பாவின் கொக்கி.

“கரண்டு?” என்றேன், கடைசி முயற்சியாக.

தாதா எண் 6-இன் மேலிருந்த நீலப் பெயிண்டைச் சுரண்டினார். டெஸ்டரை வைத்தார். எரிந்தது. நான் முப்பது வருஷத்துக்கு முன் செத்துவிட்டதாக அறிவித்த பாயிண்ட். ரவுட்டர் அடாப்டருக்குக் கால் இரண்டே இரண்டு. வால்வு ரேடியோவின் பிளக் மாதிரி, சத்தமில்லாமல் போய்ப் பொருந்திக்கொண்டது.

இப்போது முட்டைக்கூடையில் வைத்த ரவுட்டர் பெட்ரோமாக்ஸ் தொங்கிய கொக்கியில் தொங்குகிறது. ராத்திரி கரண்டு போய் “லைட் கயா” என்று தெருவில் குரல் கேட்டால், அவள் கூடையைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் எமர்ஜென்சி விளக்கை மாட்டுவாள். கூரையில் பழைய கறுப்பு வட்டத்துக்கு நடுவே அது சரியாக உட்காரும். ஃபைபர் வந்த அன்று மகனோடு வீடியோவில் பேசினோம். தாமதமே இல்லை. அவன் கேள்வி கேட்டதும் நான் பழக்கத்தில் அரை விநாடி நிறுத்தினேன். அதற்குள் இவள் பதில் சொல்லிவிட்டாள். இனி எனக்கு இந்த வீட்டில் பேச வாய்ப்பே இல்லை என்று புரிந்தது.

எண் 28 இரண்டு வாரம் சும்மா கிடந்தது. சிமென்ட் குழைத்து அடைத்துவிடலாம் என்று மூன்று தடவை புறப்பட்டேன். மூன்று தடவையும், நாளைக்கு ஏதாவது வந்தால் வேண்டியிருக்குமே என்று விட்டுவிட்டேன். போன வாரம் பார்த்தால் ஒரு குளவி உள்ளே முட்டையிட்டு, களிமண் உருட்டி வந்து, மழைத்தண்ணீர் இறங்காதபடி வழவழவென்று பூசி மூடியிருக்கிறது. இந்த வீட்டில் ஓர் ஓட்டையை ஒழுங்காக அடைத்த முதல் ஆள் அதுதான்.